மிளகு உருளாத தெரு

குழந்தைசாமியின் இடதுகால் செருப்பு நடுத்தெருவில் மிதந்தது. மிதந்து எங்கேயும் போகவில்லை. போயிருந்தால்தான் பிரச்சினையே இல்லையே! அரைமணி மழைக்கே, அவர் போன வாரம் போட்டு முடித்த பேவர் பிளாக் தெரு குளமாகிவிட்டது. ஓவர்சீயர் ராதிகா ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார். அவர் சரி என்றால் கோயில் தெரு வேலையும் குழந்தைசாமிக்கே. சரியில்லை என்றால் அதுவும் போச்சு, பேரும் போச்சு.

உள்ளதைச் சொன்னால், கல்லில் குறையே இல்லை. குச்சிக்கிழங்கு லோடு லாரி மூன்று தடவை போய் வந்தது. ஒரு கல் இறங்கவில்லை. மட்டத்திலும் குறையில்லை. அதுதான் குறை! ரசமட்டம் பொய் சொல்லும், மிளகு பொய் சொல்லாது என்கிற ஆள் அவர். பத்தடிக்கு ஒரு மிளகை வைத்துப் பார்த்தார். "ஒத்த மிளகு உருளல!" என்று மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கே அவர் மனைவி தாமரைச்செல்வி கேட்டாள்.

"ஏனுங்க, மிளகு நிக்கிற எடத்துல தண்ணி மட்டும் ஓடுமாக்கும்? சாய்வா வாட்டம் விட வேண்டாமா? ஒரு கொடம் தண்ணி ஊத்திப் பாருங்க."

"ஏம்புள்ள, தெரு போடறது நானா, நீயா?"

"நீங்கதானுங்க."

"அப்பக் கொடத்தத் தூக்கிட்டு ஊட்டுக்குள்ள போ."

போனாள். மறுநாள் அவர் மணலுக்காக மலை இறங்கியதும் வெளியே வந்தாள். கொத்தனார் மாணிக்கத்தைக் கூப்பிட்டாள். தன் வாசல் முன்னால் மட்டும் கல்லை எடுத்து, வீட்டுப் பக்கம் மணலை ஏற்றி, சாக்கடைப் பக்கம் சாய்த்துத் திரும்பப் போட வைத்தாள். சாயங்காலம் வந்தவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜீப் நின்றது. ராதிகா சுற்றிப் பார்த்தார்.

"தெருப் பூராத் தண்ணி. இந்த வாசல்ல மட்டும் எப்படிங்க வடிஞ்சிருக்கு? யாரு போட்டது?"

குழந்தைசாமிக்கும் அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நெஞ்சு நிமிர்ந்தது.

"நான்தானுங்க மேடம்! என் ஊடுதான். என் கைவேலை!"

"அப்ப உங்களுக்கு வாட்டம் விடத் தெரியும்?"

"தெரியாமயாங்க!"

"தெரிஞ்சும் உங்க ஊட்டுக்கு மட்டும் விட்டுட்டு ஊரை முக்கிட்டீங்களா?"

வாசல்தோறும் தலைகள் நீண்டன. தெரியாது என்றால் கோயில் தெரு போச்சு. தெரியும் என்றால் மானம் போச்சு. திருதிருவென்று மனைவியைப் பார்த்தார்.

"மேடம், அது மாதிரி காட்டறதுக்குப் போட்டதுங்க," என்றாள் தாமரைச்செல்வி. "அதைப் பார்த்து மீதியப் பூரா அவரே பேத்துப் போட்டுருவாருங்க. நாளைக்கே. நான் பக்கத்துலயே நிப்பேன்."

"நீங்க நிக்கறதா இருந்தாச் சரிங்க. கோயில் தெருவுக்கும் நில்லுங்க."

ஜீப் போனதும் குழந்தைசாமி தெருவைப் பார்த்துக் கத்தினார்: "பார்த்தீங்களா, எம்பொண்டாட்டியை!"

மறுநாள் முதல் பத்தடி முடிந்தது. தாமரைச்செல்வி நிறைகுடத்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"ஊத்திப் பாருங்க."

அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு மிளகை எடுத்தார். கல்மேல் வைத்தார்.

"உருளுது புள்ள! உருளுது!"

குடத்தை அவர் தொடவே இல்லை.