கலைச்சேவையில் கிடைத்த யானை

வறுமையை ஒழிக்கச் சோறு வேண்டும், வேலை வேண்டும் என்று பாமரர்கள் இன்னும் உளறிக்கொண்டிருக்கிறார்கள். கிரேயான் போதும் என்று கண்டுபிடித்த மகான் எங்கள் மேலாளர்.

ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுந்தார். "நாளைக்கு லீவு கிடையாது. எல்லாரும் தன்னார்வத்தோட ஏழைக் குழந்தைங்களுக்கு ஓவியம் கத்துக்கொடுக்கறோம். வராதவங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

உடனே எங்களுக்குத் தன்னார்வம் பொங்கிற்று. நான் ஒருமுறை வரைந்த பசுவைப் பார்த்து என் மனைவி, "மேசை நல்லா இருக்குங்க" என்றிருக்கிறாள். ஆகவே என்னைத் 'தலைமை ஓவியப் பயிற்றுநர்' ஆக்கினார்கள்.

சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் சின்னஞ்சிறுசுகளைப் பகலில் விட்டுப்போகும் காப்பகம். 'வெளிச்சத்தை நோக்கி' என்று எழுதிய எங்கள் பேனர் சுவரைவிடப் பெரியது. அங்கிருந்த ஒரே ஜன்னலை மறைத்து அதைக் கட்டினோம்.

"சார், காத்து வராதே" என்றார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சரம்மா.

"கலைக்காகக் கொஞ்சம் வேர்த்தாத்தான் என்ன மேடம்?" என்ற மேலாளர், குழந்தைகள் பக்கம் திரும்பினார். "கண்ணுங்களா, உங்க மனசுல இருக்கற சோகத்தை வரைங்க பாப்போம்!"

"சோகம் என்ன கலரு?" என்று ஒரு வாண்டு கேட்டது. எல்லாம் கொல்லென்று சிரித்தன.

நாங்கள் கூட்டிவந்த போட்டோகிராபர் நொந்துபோனார். "சார், எல்லாம் பல்லைக் காட்டுதுங்க. இப்படி இருந்தா இதுங்களை ஏழைன்னு யாரு சார் நம்புவா?"

நல்லவேளை, மூலையில் 'கடுகு' என்று எல்லோரும் கூப்பிடும் நாலு வயதுச் சிறுமி, நாக்கைத் துருத்திக்கொண்டு தாள் முழுக்கக் கறுப்பாகத் தீட்டிக்கொண்டிருந்தாள். மேலாளர் கைக்குட்டையை விரித்து அதன்மேல் மண்டியிட்டார். குரல் தழுதழுத்தது.

"இது என்னம்மா? உன் வாழ்க்கையில இருக்கற இருட்டா?"

"யானை."

"யானையா? தும்பிக்கை எங்க?"

"ரொம்பக் கிட்ட நிக்குது. அதான் தெரியல."

"பாத்தீங்களா!" என்று மேலாளர் எங்களைப் பார்த்தார். "வலியைச் சொல்லத் தெரியாம யானைங்கறா!" சொல்லிக்கொண்டே தாளை உருவிச் சுருட்டினார்.

"என் யானை!" என்று கடுகு அலறினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"சார், அப்படியே அசையாதீங்க!" போட்டோகிராபருக்கு உயிர் வந்தது.

டீச்சரம்மா ஓடிவந்தார். "சார், அது பிள்ளையோடது. குடுத்துட்டுப் போங்க."

"என்ன மேடம் நீங்க! ஃபிரேம் போட்டு எங்க ஆபீஸ் வாசல்லயே மாட்டப்போறோம். வர்றவங்க போறவங்க அத்தனை பேரும் பாப்பாங்க."

"அவ பாக்க மாட்டாளே சார்."

கலையின் வீச்சு புரியாத பெண்மணி. நான் தலைமைப் பயிற்றுநர் என்ற முறையில் தலையிட்டு, கடுகிடம் புதுத் தாளை நீட்டினேன். கறுப்புக் குச்சி தேய்ந்து தீர்ந்திருந்தது. சமயோசிதமாக மஞ்சளைக் கொடுத்தேன்.

"மஞ்சள்ல யானை வராது" என்று விசும்பினாள். கற்பனை வளம் சற்றுக் குறைந்த பிள்ளை.

இன்று அந்த ஓவியம் 'ஏழ்மையின் இருள்' என்ற தலைப்போடு எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. அவள் அழுத படம் 'கலை தொட்ட கணம்' என்று நிறுவன இதழின் அட்டையில் வந்தது. சிறந்த சமூகசேவைக்கான விருதும் கிடைத்தது.

"ஒண்ணுமே இல்லாத குழந்தைங்களைத் தேடிப் போனோம்" என்று மேலாளர் விருது மேடையில் உருகினார். நானும் கை வலிக்கத் தட்டினேன். அவர் பேச்சில் திருத்தம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் ஒன்று: அந்தக் குழந்தையிடம் ஒரு யானை இருந்தது. ஒன்றுமே இல்லாதவளாக அவளை ஆக்கிவிட்டுத்தான் நாங்கள் வண்டி ஏறினோம்.