வெண்கோட்டுக் கறைப்படலம்

வாழ்க, வாழ்க! மில்லிகிராமும் பிசகாத கையினள், மருத்துவர்தம் கோழிக்கிறுக்கலைக் கண்ணிமைக்குமுன் கற்றறியும் விழியினள், சீட்டேந்தி நெளிந்து நிற்கும் நெடுவரிசையை "அடுத்தது" என்னும் ஒற்றைச் சொல்லால் ஓட்டிச் செல்லும் நாவினள், பெருமருத்துவமனை மூன்றாம் சாளரத்தின் முடிசூடா அரசி, மருந்தாளுநர் மாதேவி வாழ்க! அவள் கறையொடு பொருது, காரணம் கண்டு, கண்டபின் திருதிருவென விழித்த வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். சோப்புநுரையில் வாழும் சிறுதெய்வங்களே, நடுவில் நாக்கு வழுக்காமல் காத்தருள்க!

ஞாயிறு முற்பகல். குளியலறைக்கும் சமையலறைக்கும் இடையே, ஓர் ஆள் ஒருக்களித்தால் மட்டுமே புகக்கூடிய இடுக்கில், வட்டவிழி ஒன்றே கொண்ட பூதமென வீற்றிருந்த சலவை இயந்திரம், ஊழிக்காற்றாய் உறுமி, யானைக்கூட்டமாய் அதிர்ந்து, தரையோடு ஒரு சாண் நகர்ந்து, பின் அடங்கி, மும்முறை கீச்சிட்டு வெற்றி முரசறைந்தது. மறுநாள் காலை தலைமை மருந்தாளுநராய்ப் பொறுப்பேற்கும்போது அணிவதற்கென்றே வாங்கி, மொடமொடப்புப் போக ஒருமுறை அலசப்பட்ட புத்தம்புது வெண்கோட்டை உள்ளிருந்து உருவினாள் மாதேவி. உதறினாள். உறைந்தாள்.

முழுமதியின் முகத்தில் களங்கம் ஒன்றே. அதையும் முயலென்று சொல்லிச் சமாளித்துவிட்டது உலகம். இந்த மதியின் முதுகிலோ பதினொரு களங்கங்கள்! சாம்பலுமன்று பழுப்புமன்று, தொட்டால் பிசுபிசுக்கும், தேய்த்தால் இரண்டாகும். எப்படைக்கு உரியவை, எவ்வழி நுழைந்தவை என்று அறிவார் யாருமிலர்.

இது முதற்போரும் அன்று. ஒரு மாதத்துக்கு முன் தலையணை உறைகள் வீழ்ந்தன. அடுத்த வாரம் துண்டுகள் வீழ்ந்தன. அப்போதே மாதேவி ஒற்றரை அனுப்பாமல், சாட்சியை அழைக்காமல், குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் வேறு யாருமல்லன், அவள் கணவன். இருசக்கர வண்டிகளின் குடல்வரை கண்டவன். மாலைதோறும் மசகெண்ணெய் மணக்க வீடு திரும்பும் மெக்கானிக். உடனே பிறந்தது அரசாணை.

"இனிமே உங்க கிரீஸ் துணி இந்த மெஷின் பக்கமே வரக்கூடாது. நீங்களும்தான்."

"நான் தனியாத்தானே போடுறேன்?"

"தனியா போட்டா மட்டும்? உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும்ல!"

மேல்முறையீடு இல்லாத அவை அது. அன்றுமுதல் மூன்று வாரம் அவன் குளியலறையில் குந்தியமர்ந்து, வாளிநீரில் தன் துணியைத் தானே பிரஷ் போட்டுத் தேய்த்தான். விரல்முட்டி தோலுரிந்தது. துணி துவைக்கும்போது பழைய பாட்டை அபசுரமாய் முணுமுணுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டான். அந்த அபசுரம் இல்லாத வீடு ஏனோ பெரிதாகவும் சில்லென்றும் இருப்பதை மாதேவி உணர்ந்தாள். உணர்ந்தும் ஆணையைத் திரும்பப் பெற்றாளில்லை.

இப்போது, கோட்டும் கையுமாய் நிற்கையில், ஒரு நினைப்பு அவள் நெஞ்சில் அம்பெனத் தைத்தது: மூன்று வாரமாக அவன் துணி ஒன்றுகூட உள்ளே போகவில்லையே! அந்த அம்பைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டுப் போர் தொடுத்தாள். எலுமிச்சைப் படை முன்னே சென்றது, புறமுதுகிட்டது. சோடா உப்புத் தூசிப்படை வெண்புழுதி கிளப்பிப் பாய்ந்தது, புழுதியே மிஞ்சியது. பல்துலக்கியை வாளென ஓங்கி, வளையல் ஒலிக்க, வியர்வை வழிய, பல்லைக் கடித்து அவள் பொருத பொருதலில், பதினொன்றாயிருந்த பகைவர் பதினான்காய்ப் பெருகினர்.

தோல்வி எத்தன்மைத்து என்று அன்றுதான் அறிந்தாள். கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனிடம் நடந்தாள். அரியணையினின்று இறங்கி அகதியாய் நடக்கும் ஆறடித் தூரம் அது.

"கொஞ்சம் அந்த மெஷினப் பாருங்களேன்."

செய்தித்தாள் தாழவில்லை. "என்னையத்தான் பக்கத்துல வரக்கூடாதுன்னுட்டியே."

"அதான் இப்ப நானே கூப்பிடுறேன்ல."

தாள் மடிந்தது. டார்ச்சும் பழைய துணியும் ஏந்தி எழுந்தான் வண்டிவைத்தியன். பூதத்தின் முன் மண்டியிட்டான். வாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மடிப்பை இரு விரலால் விலக்கினான். துணி சுற்றிய விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினான். வெளிவந்தது ஒரு கூழ். சாம்பலுமன்று பழுப்புமன்று. மாதேவியின் முகம் மலர்ந்தது: ஆகா, கிரீஸ்! நீதி வென்றது! அவன் அதை மோந்தான். அவள் மூக்கருகே நீட்டினான்.

ரோஜா. கூழ் முழுக்க ரோஜா மணம்.

"எங்க கடை கிரீஸ்ல இந்த வாசனை வராது," என்றான். "துணிக்கு வாசனை லிக்விட் ஊத்துவியே, எவ்வளவு ஊத்துவ?"

"மூணு மூடி. அப்பதானே மணமா இருக்கும்?"

"டப்பாவுல என்ன போட்டிருக்கு?"

அந்தோ! நாளொன்றுக்கு முந்நூறு பேரிடம் "லேபிளப் படிச்சுட்டுச் சாப்பிடுங்க" என்று முழங்கும் நாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அலமாரியிலிருந்து அந்த இளஞ்சிவப்புக் குப்பியை எடுத்தாள். பின்புறம் திருப்பினாள். ஓராண்டாய் அங்கேயே, கொட்டை எழுத்தில் இருந்தது: கால் மூடி.

குப்பியைப் பார்த்தாள், கணவன் முட்டியில் காய்ந்திருந்த தோலைப் பார்த்தாள். வாயைத் திறப்பது மலையைப் பெயர்ப்பதினும் அரிதாயிருந்தது. பெயர்த்தாள்.

"தப்பு என்மேலதாங்க. உங்களப் போட்டுப் படுத்திட்டேன்."

"என்னது? மெஷின் சத்தத்துல கேக்கல."

மெஷின் ஓடவில்லை.

"தப்பு என்மேலன்னேன்!" என்று அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. அவன் சிரித்தான். சிரித்தபடியே பாவக்கூழ் முழுவதையும் வழித்தெடுத்து, சுடுநீரால் பூதத்தின் குடலை வெறுமனே ஒருமுறை கழுவவிட்டான். பிறகு மூன்று வாரம் நாடு கடத்தப்பட்டிருந்த தன் துணிகளை அள்ளிவரப் போனான். குளியலறையிலிருந்து அந்தப் பழைய அபசுரம் கேட்டது.

அதைக் கேட்டு மெய்சிலிர்த்த மாதேவி, இனிப் பகைவர் பூண்டோடு அழிக என்று சூளுரைத்து, கோட்டைத் தனியே உள்ளிட்டு, வெப்பக்குமிழைத் திருகக்கூடிய மட்டும் திருகி, பொத்தானை அழுத்தினாள். நீர் கொதித்தது, நுரை பொங்கியது, வட்டவிழிக்குள் வெண்கோட்டு எழுந்தும் வீழ்ந்தும் சுழன்றும் அறப்போர் புரிந்தது. இருவரும் தோளோடு தோள் நின்று நோக்க, முரசு மும்முறை முழங்க, கதவு திறக்க, பாற்கடலில் பிறந்த புதுமதி போல், ஒரு கறையுமின்றி, ஒளிவீசி, வெளிவந்தது வெண்கோட்டு!

சுருங்கிப்போய்க் கை முழங்கை வரைக்கும்தான் வந்தது, அதனால் திங்கட்கிழமை பழைய கோட்டையே போட்டுக்கொண்டு போனாள்.