குதிரைக் காசுக்குப் புளி போட்ட கதை

எதையாவது பார்த்தால் கை சும்மா இருக்காது என்பது ஒரு வியாதி. எனக்கு அது அறுபத்திரண்டு வயதில் முற்றியது. பத்து வயதில் செய்த முட்டாள்தனம் என்றால் மன்னித்துவிடலாம். நரைத்த மீசையோடு, தெளிந்த புத்தியோடு, காலையில் காபி குடித்துவிட்டுச் செய்ததை என்னவென்று சொல்ல? அன்றைய என்னை இன்று எதிரில் பார்த்தால், பேசாமல் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன்.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறையில் நாற்பது வருஷம் மெருகு போட்டேன். குத்துவிளக்கு, குடம், தவலை, எல்லாம். ஒரு முறை ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாண அண்டாவுக்குள் இறங்கித் தேய்த்து, வெளியே வர முடியாமல் இரண்டு பேர் இழுத்தார்கள். (அந்த அண்டா இன்னும் இருக்கிறதாம். மிராசுதார் இல்லை.) அதனால் செம்பு, பித்தளை விஷயத்தில் உலகத்தில் எவனும் எனக்குச் சொல்லித்தர முடியாது என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்போடுதான் அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலுள்ள எடிசன் ஊருக்கு வந்து மகள் மீனா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ரகு மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி மறந்துவிடும் என்று சனி, ஞாயிறுகூட இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டில் டோரதியம்மா. எழுபது வயது, தனியாக இருந்தார். அவர் வீடு பார்க்க அழுதுவடியும், ஆனால் தெருவிலேயே பழையது. ரோட்டை அகலப்படுத்த அதை இடிக்கப்போவதாக டவுனில் சொல்லிவிட்டார்கள். வீடு 1788-இல் கட்டியது என்று டோரதியம்மாவிடம் ஒரு பழைய காகிதம் இருந்தது. அவ்வளவு பழைய வீடு என்றால் இடிக்கக் கூடாதாம், ஆனால் வெறும் காகிதத்தை நம்ப மாட்டோம் என்றார்கள். அந்தச் சமயத்தில் வாசற்படிப் பலகையை மாற்ற வந்த தச்சன், அடியில் ஒரு செப்புக் காசை எடுத்தான். கட்டும்போது அந்த வருஷத்துக் காசை வைப்பது வழக்கமாம். காசில் எண்பத்தெட்டு என்று இருந்தால் வீடு பிழைக்கும்.

காசு தேய்ந்த தேய்ப்பில் வருஷம் தெரியவில்லை என்று டோரதியம்மா அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையிடம் ஸ்கேனர் இருந்தது.

"ஸ்கேன் பண்ணி ஜூம் பண்ணா பளிச்சுனு தெரிஞ்சிடும், மாமா" என்றார் ரகு. பண்ணினார். திரையில் கருகிய வடை ஒன்று தெரிந்தது. இன்னும் ஜூம் பண்ணினார். பெரிய கருகிய வடை.

நான் டார்ச்சை வாங்கி, விளக்கை அணைக்கச் சொல்லி, காசின் ஓரத்தில் சாய்த்து அடித்தேன். ஒரு பக்கம் குதிரைத் தலை, அதன் கீழே ஏர், ஏருக்கும் கீழே நிழல் மாதிரி எண்கள். ஒன்று, ஏழு, எட்டு. நாலாவது மட்டும் ஒரே கறை. லைப்ரரியிலிருந்து டோரதியம்மா கொண்டுவந்த புத்தகத்தில் இதே காசு படமாக இருந்தது. நியூ ஜெர்சிக்காரர்கள் அந்தக் காலத்தில் தங்களுக்கென்று அடித்ததாம். எண்பத்தாறு, ஏழு, எட்டு, மூன்று வருஷம்தான் தேதியாம்.

"இது என்ன, புஸ்தகத்துல குதிரை வலது பக்கம் பாக்குது, இதுல இடது பக்கம் பாக்குதே?" என்றேன்.

"அப்பா, நம்பரைப் பாருங்கப்பா" என்றாள் மீனா.

"அடிச்சவன் குடிச்சிட்டு அடிச்சிருப்பான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குதிரையை மறந்தேன்.

ரகு இன்னொரு முறை ஸ்கேன் பண்ணிப் பார்க்கட்டும் என்று காசை விட்டுவிட்டு, மறுநாள் மாலை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி டோரதியம்மா கிளம்பினார். போகும்போது என் கைகளைப் பார்த்து, "டோன்ட் கிளீன் இட்" என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினேன். புரியாமல் இல்லை. பாத்திரத்தை மிஷினுக்குள் அடுக்கிப் பட்டனை அழுத்துகிற ஜனங்களுக்குக் கழுவுவதைப் பற்றி என்ன தெரியும் என்ற இளக்காரம்.

காலையில் இருவரும் வேலைக்குப் போனார்கள். நம்மூர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோடில் வாங்கிய புளியில் நெல்லிக்காயளவு ஊறவைத்து, உப்புச் சேர்த்து, கட்டைவிரலால் தேய்த்தேன். (ஸ்க்ரப்பர் தொடவில்லை. தொழில் தெரிந்தவனாம்!) ஐந்தே நிமிஷம். காசு பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி சிவந்தது. பெருமையோடு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

ஏருக்குக் கீழே ஒன்றுமில்லை.

இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் புளி போட்டேன். புத்தி அப்படி. இருநூறு வருஷமாகப் பள்ளத்தில் தங்கிய அழுக்குதான் எண்ணாகத் தெரிந்திருக்கிறது. அது சிங்க் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரே தேதியில் இரண்டு இலக்கம் போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தது. நான் நாலையும் போக்கிவிட்டு நின்றேன்.

அதோடு விட்டேனா? புதுப் பாத்திரத்தைப் பழசாக்கிக் காட்டுகிற வித்தையும் பட்டறையில் தெரியும். நல்லெண்ணெயில் துணியை நனைத்து வாணலியில் கொளுத்தி, காசை இடுக்கியில் பிடித்துப் புகை காட்டினேன். அப்பளம் பொரித்தாலே அழுகிற வீடு அது. கூரையிலிருந்த அலாரம் தெருவுக்கே கேட்க அலறியது. துடைப்பத்தால் அதை அடித்துக்கொண்டிருந்தபோது, தீப்பிடித்துவிட்டது என்று பின்கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார் டோரதியம்மா.

ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் இடுக்கி, இடுக்கியில் அவருடைய வீடு.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாணலியைப் பார்த்தார், புளிக் கிண்ணத்தைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாரி" என்றேன். அமெரிக்கா வந்து நான் மனதாரச் சொன்ன முதல் இங்கிலீஷ் வார்த்தை அது.

சாயங்காலம் மீனா குதித்தாள். "கிளீன் பண்ணாதீங்கன்னு அவங்க சொன்னாங்களா இல்லையா? அது அவங்க வீடுப்பா! உங்க பட்டறையா?"

"விடு மீனா, மாமா தெரியாம..." என்றார் ரகு.

"தெரியாமயா? நாப்பது வருஷ சர்வீஸ்!"

வியாழக்கிழமை டவுன் ஆபீஸில் கூட்டம். "நீங்களே வந்து சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துப் போனாள். பழைய காசு பார்க்கிற தாத்தா ஒருவர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். டோரதியம்மா காசை நீட்டினார். அதைப் பார்த்ததும் அவர் முகம் ஊசின சாம்பாரை முகர்ந்த மாதிரி ஆயிற்று.

"ஹூ வாஷ்ட் திஸ்?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கினேன், மூன்றாம் வகுப்பில் தூக்கியது போல.

அவர் பெருமூச்சு விட்டார். ஏருக்குக் கீழே பார்க்கவே இல்லை. குதிரையைப் பார்த்தார், சிரித்தார், டோரதியம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். டோரதியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முடிந்தது, அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"என்னடி சொல்றாரு?"

"இடது பக்கம் பாக்குற குதிரை கடைசி வருஷம் மட்டும்தான் அடிச்சாங்களாம்ப்பா. எண்பத்தெட்டேதான். தேதியே வேணாமாம்."

குடித்துவிட்டு அடித்தது யார் என்று அப்போது தெரிந்தது. விடையை முதல் நாளே என் வாயால் சொல்லிவிட்டு, அதை விட்டுவிட்டுக் கேள்வியைப் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

வீடு பிழைத்தது. டவுனில் வருஷம் பொறித்த வெண்கலப் பலகை ஒன்றைச் சுவரில் பதித்தார்கள். இப்போது டோரதியம்மா இல்லை, அவர் மருமகள் இருக்கிறாள். பலகை மழையிலும் பனியிலும் பச்சை பிடித்துக் கிடக்கிறது. அரைக் கிண்ணம் புளி போதும், பத்து நிமிஷத்தில் தங்கமாக்கிவிடுவேன். ஆனால் அதன் கீழே டோரதியம்மா கைப்பட எழுதி மாட்டிய அட்டை இன்னும் இருக்கிறது. எழுத்து மங்கினால் மருமகள் அதன் மேலேயே திரும்ப எழுதி வைக்கிறாள். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, சாய்வாக.

"டோன்ட் கிளீன் இட்." மூன்று முறை.