உறை ஞானியார்

பல்கலைக்கழகத்துக்கு எதிர்ப்புறம், ஜெராக்ஸ் கடை மாடியில் உறை ஞானியார் எழுந்தருளியிருந்தார். படிக்கட்டு பூராவும் பட்டதாரிகள். இயற்பியல் படித்தவன் வேதியியல் படித்தவளை முழங்கையால் இடித்து முன்னே போனான். புள்ளியியலில் தங்கப் பதக்கம் வாங்கிய ஒருத்தி, டோக்கன் கிடைக்கவில்லை என்று விசும்பினாள். படிக்காதவர் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

விஷயம் இதுதான். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஞானியாரிடம் போவார்கள். அவர் கண்ணை மூடுவார். "கிடைக்கும், போ!" என்று மாடி அதிரக் கத்துவார். பிறகு ஒரு தாளில் என்னவோ எழுதி, உறையில் போட்டு, நாக்கால் நக்கி ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இடம் கிடைத்தால் உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவர் எரித்துவிடுவார். கிடைக்காவிட்டால் பிரிக்கலாம். பிரித்தவர்கள் ஆடிப்போனார்கள். "கிடைக்காது. உன் மனம் தாங்காதென்று வாயால் சொல்லவில்லை" என்று உள்ளே இருந்தது. அடேயப்பா! கிடைத்தவனும் கும்பிட்டான், கிடைக்காதவனும் கும்பிட்டான். நூற்றுக்கு நூறு! காணிக்கை, பல்கலைக்கழகம் வாங்கும் விண்ணப்பக் கட்டணத்துக்குச் சமம். பல்கலைக்கழகமாவது ரசீது கொடுக்கும்.

பிரிக்காதே என்றால் பிரிக்காமலா இருப்பார்கள் என்கிறீர்களா? அங்கேதான் ஆள் கெட்டிக்காரர். ஞானம் பிறப்பதற்கு முன்னால் அவர் பல்கலைக்கழக அலுவலகத்தில் உறை ஒட்டிக்கொண்டிருந்தவர். பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதத்தை ஒட்டித்தான் கொடுப்பார்கள். "படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று மாணவர்கள் கையெழுத்தே போட்டுத் தருவார்கள். தன்னைப் பற்றி எழுதியதைத் தானே படிக்காமல் சுமந்து பழகிய கூட்டம் என்று அவர் கணக்காகப் பார்த்து வைத்திருந்தார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு, விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. தங்கை கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று விண்ணப்பங்களில் ஒன்றுதான் போயிருந்தது.

"ஏண்டி, இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுதில்ல? மத்த ரெண்டும் அப்படியே கிடக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான் போடணும்னு ஞானியார் சொல்லிட்டாருக்கா. ரெண்டாவது போட்டா வாக்கு பலிக்காதாம்."

"அந்த ஒண்ணுல எத்தனை சீட்டு?"

"ஆறு."

"எத்தனை பேர் போட்டிருக்காங்க?"

"ரெண்டாயிரம் இருக்கும். ஆனா எனக்குக் கிடைக்கும்னு சொல்லிட்டாரே!"

இந்தப் பெண் இரண்டு வருடம் போனில் ஊராரிடம் திட்டு வாங்கும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள். ஏன் படிக்க விரும்புகிறேன் என்ற கட்டுரையைப் பதினோரு தடவை அடித்துத் திருத்தியவள். இன்றைக்கு விட்டால் இன்னொரு வருடம் அதே போன், அதே திட்டு.

ஞானியார் ஏன் ஒன்றே ஒன்று என்கிறார்? அக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஒரு உறைக்குள் ஒரு பதில்தான் அடங்கும். மூன்று இடத்தில் போட்டு, ஒன்றில் கிடைத்து, இரண்டில் கிடைக்காமல் போனால் உறையைப் பிரிப்பதா, எரிப்பதா? ஆசாமியின் பிழைப்பு அல்லவா நாறிவிடும்!

"கவரைப் பிரி."

"ஐயோ, வேண்டாங்கா! சீட்டு போயிடும்!" தங்கை உறையை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

"சரி, உன்னோடதைத் தொடலை. எனக்கு ஒண்ணு வாங்கணும். கிளம்பு."

நாலு மணிக்கு அக்காவின் முறை வந்தது. ஞானியார் சுழல் நாற்காலியில் பட்டுத்துணி விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், இடம் கிடைத்துவிட்ட ஓர் இளம் பொறியாளர், ஒரு கையில் அனுமதிக் கடிதமும் மறு கையில் உறையுமாக, எரிப்பதற்குக் காத்திருந்தார்.

"என்ன படிப்பும்மா?"

"நுண்ணுயிரியல் முதுகலை, சாமி."

கண் மூடியது. "கிடைக்கும், போ!" கூட்டம் கைதட்டியது. எழுதினார், நக்கினார், ஒட்டினார், காணிக்கையை வாங்கிக்கொண்டார். அக்கா உறையை வாங்கிய கையோடு கட்டைவிரலை உள்ளே விட்டுக் கிழித்தாள்.

"ஏம்மா! ஏம்மா! சீட்டு போயிடும்!"

"போகாது சாமி. அந்தப் படிப்பை முடிச்சு ஏழு வருஷமாச்சு. பட்டம் எங்க லேப் சுவத்துல தொங்குது." தாளை விரித்து உரக்கப் படித்தாள்: "கிடைக்காது. உன் மனம் தாங்காதென்று வாயால் சொல்லவில்லை."

"சந்தேகத்தோட வந்தா எழுத்து மாறிடும்!" என்றார் ஞானியார். ஆஹா, என்ன விளக்கம்!

"அப்ப சந்தேகமே படாதவங்க கவரைப் பார்ப்போம். சார், உங்களுக்குத்தான் சீட்டு கிடைச்சாச்சே. உங்க கவர்ல 'கிடைக்கும்'னுதானே இருக்கணும்?"

ஞானியாரின் கை தீப்பெட்டியைத் தேடியது. பொறியாளர் உறையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பிரிச்சா... நிஜமாவே ஒண்ணும் ஆகாதுல்லீங்க?"

"கடிதத்துல சீல் குத்தியாச்சு. இந்தக் காகிதம் போய் அதை அழிக்குமா? எங்க லேப்ல அப்பப்ப வெறும் தண்ணியையும் மெஷின்ல வச்சுப் பார்ப்போம். தண்ணிக்குச் சர்க்கரை வியாதின்னு சொன்னா கோளாறு மெஷின்லதான்."

பொறியாளர் பிரித்தார். கிடைக்காது. உன் மனம் தாங்காதென்று வாயால் சொல்லவில்லை.

அவ்வளவுதான்! படிக்கட்டு முழுக்கக் காகிதம் கிழியும் சத்தம். எல்லாவற்றிலும் அதே வாக்கியம், அதே மை. தங்கப் பதக்கக்காரி தாள்களை வாங்கி எண்ணினாள். "முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு!" என்று கத்தினாள். பாவம், படித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயன்படுத்தினாள்.

தங்கை மட்டும் உறையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தானே பிரித்தாள், படித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இதை நம்பியா நான்..."

"அழறதை அஞ்சு மணிக்கு மேல வச்சுக்கலாம். இப்ப நாலு முப்பத்தஞ்சு."

ஞானியார் பின்பக்கப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய சீடனை ஒரு மாணவனின் தகப்பனார் ஓரமாக இழுத்து, "தம்பி, வேற நல்ல ஞானியார் யாராச்சும் தெரியுமா?" என்று ரகசியமாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

தங்கை படியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். ஒரு விண்ணப்பம் போனது. அடுத்ததன் கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"அக்கா, இங்க ஒரு கேள்வி இருக்கு. 'ஆராய்ந்து முடிவெடுக்கும் உங்கள் திறன் எப்படி?' நான் 'மிகச் சிறப்பு'ன்னு போட்டிருக்கேன்."

"எப்பப் போட்டே?"

"கவர் வாங்கப் போன அன்னிக்குக் காலையில."

அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். தங்கையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அதை அழித்து, 'சுமார்' என்று மாற்றி அனுப்பினாள். மணி நாலு ஐம்பத்தேழு.

அந்தப் படிக்கட்டில் நின்றவர்களில் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியவள் அவள் ஒருத்திதான். மற்ற அத்தனை பேரும் 'மிகச் சிறப்பு'! படித்த பெருமக்களே, ஒட்டிய உறையைப் பிரிக்கப் பட்டம் வேண்டாம், கட்டைவிரல் போதும். கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அது பட்டமளிப்பு விழாவில் தொப்பி மாட்டிக்கொள்ள மட்டும் இல்லை!