மூன்றாவது இயக்குநரின் மீசை

தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர்கள் படமாக வரிசையில் தொங்கிய கூடத்தில், மூன்றாமவர் மூக்கில் மட்டும் ஒரு சொட்டு வெள்ளை பெயிண்ட் விழுந்திருந்தது.

“தின்னர் போட்டுத் துடைச்சா போயிடும் சார்,” என்றார் பெயிண்டர்.

போனது. கூடவே மூக்கும் பாதி மீசையும் போயின.

பராமரிப்பு அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் ஆண்டு விழா. அவர் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் இயக்குநர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இயக்குநரோ இந்தப் படங்களைத் தன் பிள்ளைகளைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்பவர். வேறு பிரதியும் கிடையாது. மூன்றாமவருக்குக் கேமரா என்றாலே ஆகாதாம்.

வழுக்கை, தடித்த கண்ணாடி, தொங்கு மீசை. இந்த முகத்தை வீட்டிலேயே பார்க்கிறோமே என்று உறைக்க, மனைவிக்குப் போன் போட்டார்.

“உங்கப்பா கோட்டுப் போட்டு எடுத்த போட்டோவை உடனே அனுப்பு. ஆபீஸ்ல மாட்டணும்.”

“எங்கப்பாவையா?” மனைவியின் குரல் தழுதழுத்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவை ஒரு வார்த்தை புகழாத மனுஷன்.

படம் பிரிண்டாகி ஃபிரேமுக்குள் ஏறியது. அப்பாடா என்று அலுவலர் ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் வாசலில் டாக்சி வந்து நின்றது. மனைவி. பின்னாலேயே, ஜவுளிக்கடையில் துணி கிழித்தே ஓய்வு பெற்ற மாமனார், அதே கோட்டில்.

“எம்மேல இவ்வளவு பாசமா மாப்பிள்ளை? சொல்லவே இல்லையே.”

“மாமா, முதல்ல கோட்டைக் கழட்டுங்க. கண்ணாடியையும்.”

“கண்ணாடி இல்லாம என் படத்தை நான் எப்படிப் பார்க்கிறது?”

அவரைத் தூணுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தவும், இயக்குநர் விருந்தினர்களோடு நுழையவும் சரியாக இருந்தது. முன்னால் வந்த நரைத்த தலை அம்மாள், மூன்றாமவரின் மகள்.

இயக்குநர் படத்தின் முன் உருகினார். “இந்தக் கண்ணைப் பாருங்கம்மா. தினமும் ஒரு நிமிஷம் இங்க நின்னுட்டுத்தான் லேபுக்குப் போவேன். உங்கப்பா பார்வை அப்படியே நெஞ்சுக்குள்ள இறங்கும்.”

“கண் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது,” என்றார் தூணுக்குப் பின்னாலிருந்து மாமனார், அடக்கமாக.

நல்லவேளை, இயக்குநர் அதற்குள் நான்காமவரிடம் நகர்ந்திருந்தார். அம்மாள் மட்டும் நகரவில்லை. படத்தைப் பார்த்தார். தூணை எட்டிப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

அலுவலர் அருகில் ஓடினார். இனி மறைத்துப் பயனில்லை.

“அம்மா, பெரிய தப்புப் பண்ணிட்டேன். அது உங்கப்பா இல்ல, என் மாமனார். வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

அம்மாள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“பயப்படாதீங்க தம்பி. இதுக்கு முன்னாடி இருந்ததும் எங்கப்பா இல்ல. உங்களுக்கு முன்னால இந்த வேலையில இருந்தாரே, அவரோட மாமனார்.”