வெள்ளைச் சட்டை மீட்புக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பெயரும் தெரியாது. ஆனால் துணியில் படிந்த கறையைக் கையால் தொடாமலே அகற்றும் முறையைக் கண்டுபிடித்தது எங்கள் குடும்பம்தான். வரலாறு இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

சோப்பின் காரத்தில் அம்மாவின் உள்ளங்கைகள் வெடித்துப்போயிருந்தன. களிம்பு தடவிக் கட்டுப் போட்ட டாக்டர், ஆறும்வரை கை நனையவே கூடாது என்றார். அன்று சாயங்காலமே அக்காவின் வெள்ளைச் சட்டையில் டீ கொட்டியது. மறுநாள் காலை அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. அவளிடம் இருந்த ஒரே நல்ல சட்டை அது.

"நானே அலசிடறேன்பா."

"நீ போய் படிம்மா. ஆம்பளைங்க மூணு பேர் எதுக்கு இருக்கோம்?" என்றார் அப்பா.

நாற்காலிகள் இழுக்கப்பட்டன. அப்பா தலைவர். சித்தப்பா ‘வாசனை நிபுணர்’. நான் செயலாளர். சித்தப்பாவின் மூக்கு அடுத்த தெருவில் பால் கருகினாலும் சொல்லிவிடும். எங்கள் அடுப்பில் கருகினால் மட்டும் சொல்லாது; சொன்னால் எழுந்து போய் அணைக்க வேண்டும்.

"கறைய எடுக்கறதுக்கு முன்னாடி, அது எப்படி வந்துச்சுன்னு விசாரிக்கணும்," என்றார் தலைவர்.

"நீங்கதானே கொட்டினீங்க அண்ணே."

"அப்ப அது முக்கியமில்ல. அடுத்தது?"

நிபுணர் சட்டையை முகர்ந்து கண்களை மூடினார். "டீ. கூடவே வேர்வை. ரெண்டையும் ஒரே தண்ணியில போட்டா ஒத்துப்போகாது."

நான் கைபேசியில் காணொளிகளை ஆராய்ந்து அறிக்கை தந்தேன். "ஒருத்தர் எலுமிச்சைங்கறார். ஒரு அம்மா வினிகர்ங்கறாங்க. இன்னொருத்தர் சமையல் சோடாவ போட்டுட்டு மனச அமைதியா வச்சுக்கச் சொல்றார்."

"ஊற வச்சு கசக்குங்கடா. அவ்வளவுதான்," என்றாள் வாசற்படியில் நின்ற அம்மா.

"கசக்கறதெல்லாம் கடைசிக் கட்டம்," என்றார் அப்பா. அம்மாவின் கருத்து நன்றியுடன் பெறப்பட்டு, பரிசீலனையில் வைக்கப்பட்டது.

வாளி வந்தது. எலுமிச்சை வந்தது, சோடா வந்தது, வினிகர் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது. செயலாளர் நடுநிலை வகித்தார். கொட்டாவி ஏகமனதாக நிறைவேறியதால், கூட்டம் காலைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

காலையில் பார்த்தால், கொடியில் சட்டை பால் போல் தொங்கிக்கொண்டிருந்தது!

"பாத்தீங்களா? முறையா உக்காந்து பேசினா கறை தானா பயந்து ஓடும்," என்று அப்பா எங்கள் கைகளைக் குலுக்கினார். மூவரும் அவரவர் நாற்காலியில் அமர்ந்து, பாராட்டுத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டோம்.

அக்கா சட்டையைக் கொடியிலிருந்து உருவினாள். "யாருப்பா தோச்சது?"

"குழு."

"குழுல யாரு?"

பெரிய மனிதர்களுக்குத் தற்பெருமை கிடையாது. அப்பா சித்தப்பாவைக் காட்டினார். சித்தப்பா என்னைக் காட்டினார். நான் அப்பாவைக் காட்டினேன்.

நிபுணர் இறுதிப் பரிசோதனைக்கு மூக்கை நீட்டினார். "டீ இல்ல. வேர்வை இல்ல. ஆனா என்னமோ ஒண்ணு..." மறுபடி முகர்ந்தார். "களிம்பு."

எங்கள் வீட்டுக்குள் நடந்த ஒன்றை அவர் மூக்கு உருப்படியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா சமையலறைக்கு ஓடினாள். அம்மா கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அக்கா பிடித்து இழுத்தாள். கட்டுத்துணி தொப்பலாக நனைந்து, ஓரத்தில் சிவந்திருந்தது.

"என்னம்மா இது?"

"விடுடி. நேரமாச்சு பாரு. சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கோ."

அக்கா சட்டையைத் தேய்க்கவில்லை. தேய்க்க இருந்த நேரத்தில் அம்மாவுக்குப் புதிதாகக் கட்டுப் போட்டாள். ஈரம் காயாத சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்த வாளி அங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன். இன்னும் மூணு கறை பாக்கி இருக்கு."

"மூணா? எங்க?" என்றார் அப்பா.

செயலாளர் என்ற முறையில் நான் எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரிதான். ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை.