குளித்துவிட்டு வந்த பவர் சப்ளை

சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அவள் பவர் சப்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் அந்த இரும்புப் பெட்டி ஏறக்குறைய மூன்று வருடத் தூசியைத் தனக்குள் சேர்த்து வைத்திருந்தது. விசிறியின் இறக்கைகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாள். வாரண்டியில் மாற்றுவதற்காக வெளி ஆள் கைக்குப் போகிற பொருள். அழுக்கோடு கொடுத்தால் இந்த வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

"போட்டோ எடுக்கவா கூட்டிட்டுப் போறே?" என்று கேட்டார் கணவர், அடுக்களை வாசலில் நின்றபடி.

அவர் அப்படி நிற்பதுதான் பிரச்சினை. மோட்டார் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர், ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. மகள் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டரை, அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரமே பின்னறையில் போட்டு, நாற்காலிக்கு ஒரு மெத்தையும் தைத்து வைத்திருந்தாள். அப்பாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று மகளிடம் சொன்னாள். அவரும் போய் உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார். அவள் பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்ப்பவள். சாப்பாட்டு மேஜைதான் அலுவலகம். அவர் உள்ளே, அவள் வெளியே, நடுவில் சாத்திய கதவு. வீடு அமைதியாக இருந்தது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அவரே திறந்து பார்த்து, பவர் சப்ளை போய்விட்டது என்றார். மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். செவ்வாயன்று அடுக்களை டப்பாக்களெல்லாம் உயர வரிசையில் நின்றன. உப்பைத் தேட அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. புதனன்று அவர் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அந்தக் கமாவை ஏன் அடிச்சே?"

"வேண்டாத இடத்துல இருக்கு."

"வேண்டாத இடத்துல இருந்தா அடிச்சிடுவியா?"

அவள் அடுத்த வரிக்குப் போனாள். மண்புழுக்களைப் பற்றிய முந்நூறு பக்கப் புத்தகம். மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் பதிப்பகம் அடுத்த புத்தகத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அவளுக்கு அமைதி வேண்டும். அமைதிக்கு அந்தக் கதவு சாத்தியிருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்கக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். வாரண்டி முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பெட்டியைக் கழற்றித் தரச் சொல்லி, மகளுக்காக வாங்கியபோது அவர் பெயரில் போட்ட பில்லோடு தானே கிளம்பினாள்.

சர்வீஸ் சென்டர்காரர் பெட்டியைக் கையில் வாங்கி நான்கு பக்கமும் திருப்பினார். வழுவழுவென்று மின்னியது.

"சீரியல் நம்பர் ஒட்டியிருக்குமே, எங்கம்மா?"

அழுக்காக இருந்தது, துடைத்தேன் என்றாள்.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். ஈரம். "பதினஞ்சு வருஷமா இந்தக் கவுண்ட்டர்ல உட்கார்ந்திருக்கேன். குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தது நீங்கதான்."

நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட்டுப் பார்க்க முடியும் என்றார். வாங்கும்போது வந்த அட்டைப்பெட்டியிலும் நம்பர் இருக்கும், அதை எடுத்து வாருங்கள் என்று சொல்லி, பில்லிலிருந்த கணவரின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

அட்டைப்பெட்டி வீட்டில்தான் இருந்தது. அதற்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டிப் பாத்திர மூடிகளை நிறுத்தி வைத்திருந்தாள். காகிதத்தை மெதுவாக உரித்தாள். நம்பரில் பாதி காகிதத்தோடு வந்தது, மீதி அட்டையோடு நின்றது. வந்த பாதியைப் பசை தடவித் திரும்ப ஒட்டினாள். காய்ந்தபின் பார்த்தால் தலைகீழாக இருந்தது.

கவுண்ட்டர்காரர் அட்டைப்பெட்டியை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏனோ அவள் முகத்தைப் பார்க்காமல், நடந்ததை விளக்கி ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

இதற்கிடையில் வீட்டில் மனிதரை எங்காவது உட்கார வைத்தாக வேண்டியிருந்தது. மூலப்பிரதியை அவர் கையில் கொடுத்து, நீங்கள் சத்தமாகப் படியுங்கள், நான் புரூஃபில் சரிபார்க்கிறேன் என்றாள். அரை மணி நேரத்தில் அலுத்துப்போய் எழுந்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

அவர் எழவில்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் அறிவிக்கும் குரலில், "மண்புழு ஈரத்தை நாடும் கமா வெளிச்சத்தைத் தவிர்க்கும் முற்றுப்புள்ளி" என்று வாசித்தார். அன்று நாற்பது பக்கம் ஓடியது. வழக்கமாக அவளுக்கு அது இரண்டு நாள் வேலை.

கடிதத்தை நான்கு முறை திருத்தி எழுதினாள். கவுண்ட்டர்காரர் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல கடிதம் இந்தக் கடைக்கு வந்ததே இல்லை என்றார். ஆனால் பில் சார் பெயரில் இருப்பதால் கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும் என்றார். கணவர் பொறுமையாக மூக்குக்கண்ணாடி தேடி, பேனா தேடி, கையெழுத்துப் போட்டுத் தந்தார். பில்லில் கையெழுத்தாக முழுப்பெயரையே எழுதியிருந்தவர், இதில் ஒரு கோழிக்கிறுக்கல் போட்டிருந்தார். அதுவும் திரும்பி வந்தது. இந்த முறை அடையாளச் சான்றின் நகல் வேண்டுமாம்.

பஸ்ஸில் திரும்பும்போது தனக்குக் கோபம் வரவில்லை என்பதைக் கவனித்தாள். நூற்று எண்பதாம் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தோமே, அவர் தனியாக மேலே படித்துக்கொண்டு போயிருப்பாரோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் படிக்கவில்லை. விட்ட இடத்தில் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"மண்புழுவுக்குக் காதே கிடையாதாமே. அது எப்படிக் குடும்பம் நடத்துது?"

"காது இல்லாததாலதான் நடத்துது."

அவர் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. சிவப்புப் பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான், இந்த மேஜைக்கு இரண்டாவது நாற்காலி எப்போது வந்தது என்று யோசித்தாள். அவர் அதைப் பின்னறையிலிருந்து கொண்டுவந்திருந்தார், மெத்தையோடு.

அன்று பிற்பகல் முழுவதும் அவளுக்கு அந்த மெத்தை உறுத்தியது. அளவெடுத்து, உறை போட்டு, அழகாகத்தான் தைத்திருந்தாள். ஒரு மனிதரை வீட்டுக்குள்ளேயே இவ்வளவு மரியாதையாக ஓரம் கட்ட முடியும் என்று அவளுக்கே இதுவரை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமோ? மூன்று மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தை அவளும் கொடுத்ததில்லை.

அடையாளச் சான்றின் நகலையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். புத்தகம் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. பதிப்பகம் அடுத்ததை உடனே அனுப்பியது. கடல் பாசி, நானூறு பக்கம். அவர் கட்டைப் பிரித்து, முதல் பக்கத்தை நீவிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, கடிதத்தில் அவள் எழுதியிருந்த தன் நம்பருக்குச் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. வாரண்டி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அதற்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். புதிய பெட்டி வந்திருக்கும். கம்ப்யூட்டர் ஓடும். இரண்டாவது நாற்காலி பின்னறைக்குத் திரும்பிப் போகும்.

வெள்ளிக்கிழமை காய்கறி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தாள். எப்படித் திருத்தினாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. கவுண்ட்டரில் நின்று, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாரண்டி முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போகட்டும். அது இங்கேயே இருக்கட்டும். அவர் போன் பண்ணிக் கேட்டா, கம்பெனியில இருந்து இன்னும் வரலைன்னு சொல்லிடுங்க."

கவுண்ட்டர்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பல நாள் பாரம் இறங்கிய மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"காஞ்சதும் போட்டுப் பார்த்தேன்மா, பெட்டி நல்லாத்தான் ஓடுது. அன்னைக்கே சாருக்குப் போன் பண்ணினேன். 'ஓடும்னு எனக்கும் தெரியும், வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க, அவங்க வர்றப்பல்லாம் ஏதாவது ஒரு பேப்பர் கேட்டுத் திருப்பி அனுப்பிக்கிட்டே இருங்க'ன்னு அவர்தான் சொன்னார்."